கஞ்சித் தண்ணீரில் ஒரு விருந்தோம்பல்

(கோட்டூர்புரத்தில் நடைபெற்ற ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் இன்று ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒருசேரப் பயன்படுகிற மாதிரி அறிவியலில் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பைச் சொன்னால், "இது நமக்கு எதற்கு?" என்று சிலருக்குத் தோன்றலாம். மேலுறை போர்த்திய நானோ துகள்கள், மூலக்கூறுகளை அடையாளம் கண்டுகொண்டு, தாமாகவே அணிசேர்வது. இதுதான் தலைப்பு.

பயப்பட வேண்டாம். இதன் முதல் பாடத்தை நாம் எல்லோரும் ஏற்கெனவே நடத்தியிருக்கிறோம். உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு அயோடின் விடுகிறோம், கருநீலமாக மாறுகிறது அல்லவா? அதுதான் முதல் பாடம். "மாவுச்சத்து இருக்கிறது" என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்குவதோடு அந்தச் சோதனையை முடித்துவிடுகிறோம். "ஏன் நீலம்?" என்று இன்னும் ஒரு படி உள்ளே போனால், சர்தார் படேல் சாலைக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஆராய்ச்சியின் வாசலில் நம் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நீலத்துக்குள் என்ன நடக்கிறது?

சோறு வடித்த கஞ்சியில் ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற போவிடோன் அயோடின் கரைசலில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். நீலம் வந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. இந்த நீலக் கரைசலைப் பாதி அளவு ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி, கொதிக்க வைத்து இறக்கிய வெந்நீரில் குழாயை நிறுத்தி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் நீலம் மங்கி மறைந்துவிடும். குழாயை வெளியே எடுத்துக் குளிர்ந்த நீரில் வையுங்கள். நீலம் திரும்பி வரும்.

என் எட்டாம் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மிஸ், இவ்வளவு நேரம் அந்த அயோடின் எங்க போயிருந்துச்சு?"

"நிறம் எங்கே போனது?" என்று அவள் கேட்கவில்லை. அயோடின் எங்கே போனது என்று கேட்டாள். நிறத்துக்குக் காரணம் அயோடின் இருக்கும் இடம் என்பதை அவள் தானாகவே ஊகித்திருக்கிறாள். சரியான ஊகம்.

மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. ஒன்று அமைலோபெக்டின், கிளை கிளையாகப் பிரிவது. மற்றொன்று அமைலோஸ், குளுக்கோஸ் அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. இந்தச் சங்கிலி பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலச் சுருண்டுகொள்ளும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோஸ். அந்தச் சுருளின் நடுவே ஒரு குழல் உண்டாகிறது. அயோடின் அணுக்கள் வரிசையாக உள்ளே போய் உட்காருவதற்கு அந்தக் குழலின் அகலம் பொருத்தமாக இருக்கிறது. வெளியே கரைசலில் இருக்கும்போது அயோடின் பழுப்பு. குழலுக்குள் வரிசையில் அமர்ந்துவிட்டால் ஒளியை உறிஞ்சும் விதம் மாறிவிடுகிறது. நமக்கு நீலமாகத் தெரிகிறது.

சூடாக்கினால் மூலக்கூறுகளின் ஆட்டம் கூடுகிறது. சுருள் தளர்கிறது, அயோடின் வெளியேறிவிடுகிறது. குளிர்ந்தால் சுருள் மீண்டும் அமைகிறது, அயோடின் மீண்டும் உள்ளே வருகிறது. யாரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை. தானாகவே போய் அமர்கிறது.

1811இல் குர்த்துவா என்ற பிரெஞ்சு வேதியியலர் அயோடினைக் கண்டுபிடித்தார். அயோடினும் மாவுச்சத்தும் சேர்ந்தால் நீலம் வரும் என்பது 1814இலேயே பதிவாகிவிட்டது. பள்ளிகள் இதைச் செய்துகாட்டி வருகின்றன. இப்படி ஒரு மூலக்கூறு இடம் கொடுக்க, இன்னொன்று வந்து அமர்வதை வேதியியலில் ஓம்பி – விருந்து உறவு என்கிறார்கள். "ஓம்புயிரி" என்ற சொல் நம் உயிரியல் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே வந்து தங்குவது ஒட்டுண்ணி. இங்கே வருவது விருந்தாளி. இடம் கொடுக்கும் மூலக்கூறு ஓம்பி, வந்து அமரும் மூலக்கூறு விருந்து. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழியில் இதை விளக்குவதற்கு நமக்குச் சிரமமே இல்லை.

மாவுச்சத்திலிருந்து ஒரு வளையம்

அமைலோஸ் சுருளில் ஒரு சுற்றை மட்டும் வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிவிட்டால் என்ன ஆகும்? சில நுண்ணுயிரிகளின் நொதி இதைத்தான் செய்கிறது. கிடைக்கிற வளையத்துக்கு சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று பெயர். மாவுச்சத்தை நுண்ணுயிரிகள் சிதைத்தபோது உண்டான படிகங்களாக 1891இல் வில்லியே என்பவர் இதை முதலில் கண்டார். பின்னர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஷார்டிங்கர் விரிவாக ஆராய்ந்தார்.

இந்த வளையம் எப்படி இருக்கும்? உருண்டை அடிப் பானையைத் தரையில் நிறுத்த வைக்கிற பிரிமணையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு வாய் கொஞ்சம் அகலம், மறு வாய் கொஞ்சம் குறுகல். 6 குளுக்கோஸ் சேர்ந்தால் ஆல்ஃபா, 7 சேர்ந்தால் பீட்டா, 8 சேர்ந்தால் காமா. குளுக்கோஸ் கூடக் கூட நடுத்துளை பெரிதாகும். பீட்டா வளையத்தின் துளை ஒரு நானோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ எண்பதாயிரம் நானோமீட்டர்.

வளையத்தின் வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும். உட்புறத்துக்குத் தண்ணீரைவிட எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களே ஒத்துப்போகும். ஆகவே தண்ணீரில் தவிக்கிற எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு சிறு மூலக்கூறு, துளைக்குப் பொருந்துகிற அளவில் இருந்தால் உள்ளே போய் ஒதுங்கிக்கொள்கிறது. அளவும் பொருந்த வேண்டும், குணமும் பொருந்த வேண்டும். மூலக்கூறு அடையாளம் காண்பது என்று சொல்வதெல்லாம் இதைத்தான். மூலக்கூறுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. பொருந்தினால் தங்கும், பொருந்தாவிட்டால் நழுவிப் போய்விடும்.

நொதி வேலை செய்வதை விளக்கப் பூட்டும் சாவியும் என்று சொல்கிறோமே, அது எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன உவமை. உயிரியலுக்கு வெளியே, மனிதன் தானே உருவாக்கிய மூலக்கூறிலும் இந்தப் பூட்டு – சாவிப் பொருத்தம் சாத்தியம் என்று 1967இல் காட்டியவர் சார்லஸ் பெடர்சன். கொரியாவின் பூசானில் பிறந்தவர். முனைவர் பட்டம் பெறாமலேயே ஒரு தொழில் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கிரீடம் போன்ற வடிவமுள்ள அவருடைய மூலக்கூறு, நடுவில் உலோக அயனியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 1987இல் கிராம், லேன் ஆகியோருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசோடு நின்றுவிட்ட விஷயமும் இல்லை இது. அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்த ரோகுரோனியம் என்ற மருந்து கொடுப்பதுண்டு. சிகிச்சை முடிந்ததும் அதன் விளைவை நீக்க வேண்டும். அதற்கு சுகமாடெக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. 8 குளுக்கோஸ் கொண்ட காமா வளையத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது அது. இரத்தத்தில் உள்ள ரோகுரோனியத்தைத் தன் துளைக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. நோயாளியின் தசைகள் வலு திரும்பப் பெறுகின்றன. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. மாவுச்சத்திலிருந்து வந்த ஒரு வளையம் அறுவை அரங்கில் நிற்கிறது.

துகளுக்கு ஏன் மேலுறை?

இனி நானோ துகளுக்கு வருவோம். மைக்கேல் ஃபாரடேயை மின்காந்தத் தூண்டலில் எல்லோரும் நடத்துகிறோம். அவர் 1857இல் தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஆராய்ந்தார். அந்தக் கரைசல் மஞ்சளாக இல்லை, மாணிக்கச் சிவப்பாக இருந்தது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிச் சேரும்போது சிவப்பு நீலத்தை நோக்கி மாறும். பொருள் ஒன்றே, அளவும் நெருக்கமும் மாறினால் நிறம் மாறுகிறது.

இந்தத் துகள்களைச் சும்மா விட்டால் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். சப்பாத்தி மாவு உருண்டைகளைத் தட்டில் அப்படியே வைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. உலர்ந்த மாவில் புரட்டி வைத்தால் தனித்தனியாக நிற்கின்றன. நானோ துகளுக்கும் அப்படி ஒரு மேலுறை தேவை. கந்தகம் தங்கத்தோடு நன்றாகப் பிணையும். ஒரு முனையில் கந்தகம் கொண்ட தயோல் என்ற மூலக்கூறுகள் தங்கத் துகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால், அவற்றின் மறுமுனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி உறையிட்ட தங்கத் துகள்களை எளிதாகத் தயாரிக்கும் முறையை 1994இல் பிரஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் லிவர்பூலில் வெளியிட்டார்கள்.

துகளை யார் நெருங்கலாம் என்று முடிவு செய்வது இந்த வெளிமுனைதான். அதில் ஒரு விருந்தையோ ஓம்பியையோ வைத்துவிட்டால், துகள் தனக்குப் பொருத்தமானதைத் தேடிச் சேரும். 1999இல் மயாமி பல்கலைக்கழகத்தில் கைஃபர் குழுவினர் தங்கத் துகள்களின் மேலுறையில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையங்களைப் பொருத்தினார்கள். பிறகு இரு முனைகளிலும் விருந்து கொண்ட ஒரு மூலக்கூறைச் சேர்த்தார்கள். அதன் ஒரு முனை ஒரு துகளின் வளையத்துக்குள், மறுமுனை அடுத்த துகளின் வளையத்துக்குள் போய் அமர்ந்தது. துகள்கள் ஒன்றாகத் திரண்டன. இரு பக்கமும் கை நீட்டிக் கோத்துக்கொள்ளும் பிள்ளைகள் மாதிரி.

இது எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் பலர் வீட்டில் செய்துபார்த்த துரிதப் பரிசோதனை அட்டையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அத்தகைய அட்டைகள் பெரும்பாலானவற்றில் தெரிகிற செந்நிறக் கோடு தங்க நானோ துகள்களால் ஆனது. துகளின் மேலுறையில் இருக்கும் எதிர்ப்பொருள், கிருமியின் புரதத்தை அடையாளம் கண்டு பிடிக்கிறது. அட்டையில் ஒரு கோட்டில் பதித்திருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அவற்றை அங்கே நிறுத்துகிறது. ஆயிரக்கணக்கான துகள்கள் ஒரே இடத்தில் சேர்வதால் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே நடப்பது ஓம்பி வளையத்தின் வேலை இல்லை, எதிர்ப்பொருளின் வேலை. ஆனால் பொருந்துவது வந்து சேரும் என்ற தத்துவம் ஒன்றுதான்.

சாலைக்கு அந்தப் பக்கம்

கோட்டூர்புரத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது சென்னை ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் த. பிரதீப் குழுவினர் பல ஆண்டுகளாக உலோக நானோ கொத்துகளை ஆராய்கிறார்கள். தண்ணீரிலிருந்து பூச்சிக்கொல்லியையும் ஆர்சனிக்கையும் நீக்கும் பணிகளுக்காகப் பலர் அவரை அறிந்திருப்பீர்கள். 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர். தாய்மொழியான மலையாளத்தில் நானோ அறிவியல் பற்றி நூல் எழுதி, கேரள சாகித்திய அகாதமி விருதும் பெற்றவர். தமிழில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற நமக்கு இந்தத் தகவல் முக்கியமானது.

அவர்கள் எடுத்துக்கொண்ட கொத்துகளில் ஒன்றில் மிகச் சரியாக 25 தங்க அணுக்கள் இருக்கின்றன. நடுவில் 13, அவற்றைச் சுற்றி 12. அதன்மேல் உறையாக 18 தயோல் மூலக்கூறுகள். இது 24 ஆகவும் ஆகாது, 26 ஆகவும் ஆகாது. துகள் என்ற சொல்லைவிட மூலக்கூறு என்ற சொல்லே இதற்குப் பொருத்தம்.

2014இல் வெளியான ஆய்வில் இந்த 18 தயோல்களின் வெளிமுனையிலும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் துளைக்குப் பொருந்துகிற ஒரு சிறு கார்பன் கூட்டம் இருந்தது. அதுதான் விருந்து. கரைசலில் வளையங்களைச் சேர்த்ததும் அவை அந்த முனைகளில் போய்த் தொப்பி மாதிரி உட்கார்ந்தன. ஒரு கொத்தில் 1, 2, 3, 4 வளையங்கள் வரை ஏறிய வடிவங்கள் பதிவாயின. எளிதில் சிதையக்கூடிய தங்கக் கொத்தை, அதைக் கெடுக்கிற உலோக அயனிகளிடமிருந்து இந்த வளையங்கள் குடை பிடித்ததுபோலக் காப்பாற்றின. கட்டுரையின் முதல் ஆசிரியர் அம்மு மேத்யூ. உடன் பணியாற்றியவர்களில் பின்லாந்து விஞ்ஞானிகளும் இருந்தார்கள், அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவரும் இருந்தார். ஐ.ஐ.டி., தோல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டும் ஒரே சர்தார் படேல் சாலையில்தான் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பேருந்தில் தினமும் கடந்துபோகிற இடங்கள்.

2018இல் இன்னோர் ஆய்வு. முதல் ஆசிரியர் பாப்ரி சக்ரவர்த்தி. இந்த முறை 29 வெள்ளி அணுக்கள், 12 உறை மூலக்கூறுகள் கொண்ட கொத்து. அதனோடு ஃபுல்லரீனைச் சேர்த்தார்கள். ஃபுல்லரீன் 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் அமைந்த மூலக்கூறு. வெள்ளிக் கொத்தின் மேற்பரப்பில் இந்தக் கால்பந்து பொருந்துகிற குறிப்பிட்ட இடங்கள் இருக்கின்றன. 1 முதல் 9 வரை கால்பந்துகள் போய் ஒட்டின. 4 ஒட்டியபோது நான்முகி வடிவம். 8 ஒட்டியபோது சற்றே கோணிய கனசதுரம், நடுவில் கொத்து, எட்டு மூலைகளிலும் கால்பந்து. யாரும் அளவுகோல் வைத்து அடுக்கவில்லை.

எத்தனை ஒட்டியது என்று எப்படி எண்ணினார்கள்? கணித ஆசிரியர்கள் இதைக் கவனியுங்கள். நிறை நிறமாலைமானி என்ற கருவி, நிறையை மின்சுமையால் வகுத்துக் காட்டும். ஒரு கார்பனின் நிறை 12. 60 கார்பனுக்கு 720. இந்தக் கொத்தின் மின்சுமை 3. எனவே 720ஐ 3ஆல் வகுத்தால் 240. ஒவ்வொரு கால்பந்து கூடும்போதும் வரைபடத்தில் அடுத்த முகடு 240 தள்ளி வரும். முகடுகளை எண்ணினால் விருந்தாளிகளை எண்ணிவிடலாம். உலகத் தரமான ஆய்வின் இந்தப் பகுதி எட்டாம் வகுப்பு மாணவனுக்கு எட்டாத கணக்கு இல்லை.

பலவீனமான பிணைப்பின் பலம்

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். விருந்து – ஓம்பிப் பிணைப்பு பலவீனமானது. வெந்நீரில் வைத்தாலே கஞ்சியில் நீலம் போய்விடுகிறதே. ஒழுங்கான அமைப்பைக் கட்டுவதற்கு இவ்வளவு பலவீனமான பிணைப்பு எதற்கு? பலமான பசை போட்டு ஒட்டினால் என்ன?

உப்புமா கிண்டும்போது கொதிநீரில் ரவையைக் கொட்டிவிட்டுக் கிளறாமல் விட்டால் என்ன ஆகும்? பட்ட இடத்தில் பட்டபடி ஒட்டிக் கட்டி தட்டிவிடும். பலமான பிணைப்பும் இப்படித்தான். முதலில் மோதிய இடத்திலேயே ஒட்டிவிட்டால், தப்பான இடமாக இருந்தாலும் விலகி வர முடியாது. கற்கண்டு வளர்வதைப் பாருங்கள். நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். சர்க்கரை மூலக்கூறு வந்து ஒட்டுகிறது, சரியாக அமையாவிட்டால் கழன்று போகிறது, மறுபடி வருகிறது. இப்படி ஒட்டியும் கழன்றும் சரியான இடம் கிடைத்தவை தங்கிவிடுகின்றன. அதனால்தான் கற்கண்டுக்கு அவ்வளவு நேரான பட்டைகள்.

ஒட்டுவதற்கும் கழல்வதற்கும் இடம் இருந்தால்தான் தவறு தானாகத் திருத்திக்கொள்ளும். தனித்தனியாகப் பலவீனமான பிணைப்புகள் பல இடங்களில் ஒரே நேரத்தில் பொருந்தும்போது மொத்த அமைப்பு உறுதியாக நிற்கிறது. நம் உடலில் டி.என்.ஏ.வின் இரு இழைகளைச் சேர்த்து வைத்திருப்பதும் இப்படிப்பட்ட பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். தேவைப்படும்போது பிரியவும் வேண்டும் அல்லவா?

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளுக்கு இரண்டு செயல்பாடுகள் சொல்கிறேன். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றிப் பொரியைத் தூவுங்கள். சிறிது நேரத்தில் பொரிகள் தாமாகவே நெருங்கிக் கூட்டம் சேரும். நீரின் மேற்பரப்பு வளைவு அவற்றைச் சேர்க்கிறது. "யார் தள்ளினாங்க?" என்று கேளுங்கள், விடை சொல்ல அவசரப்படாதீர்கள்.

அடுத்தது கோலிக்குண்டு. அட்டைப்பெட்டி மூடி ஒன்றில் ஒரே அளவுள்ள முப்பது நாற்பது கோலிகளைப் போட்டு, மூடியைச் சற்றே சாய்த்துப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கோலிகள் தேன்கூடு மாதிரி அணிசேரும். நடுவில் உள்ள ஒரு கோலியை எத்தனை கோலிகள் தொடுகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு. வேகமாக ஆட்டினால் எல்லாம் கலையும். ஆட்டவே இல்லையென்றால் ஆரம்பத்தில் விழுந்தபடியே கிடக்கும். மெல்ல ஆட்டும்போதுதான் ஒழுங்கு வருகிறது. பிறகு வேறு அளவுக் கோலி இரண்டைக் கலந்துவிடுங்கள். வரிசை எங்கே உடைகிறது என்று பிள்ளைகளே காட்டுவார்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குக் கஞ்சியும் அயோடினும். நான் சொன்ன சூடு – குளிர்ச்சிச் சோதனையோடு இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள். மீதமுள்ள நீலக் கரைசலில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அங்கேயும் நீலம் மறையும். ஆனால் குளிரவைத்தாலும் திரும்ப வராது. சாற்றில் உள்ள வைட்டமின் சி, அயோடினை அயோடைடாக மாற்றிவிடுகிறது. முதல் குழாயில் விருந்தாளி வெளியே போய்விட்டு வந்தார். இரண்டாவதில் விருந்தாளியே வேறு ஆளாகிவிட்டார். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு மாற்றங்களில் ஒன்று மீளும், மற்றொன்று அதே வழியில் மீளாது. "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எப்படி நிரூபிப்பாய்?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரண்டாவது குழாயில் இன்னும் கொஞ்சம் அயோடின் விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். சொல்லும்வரை காத்திருங்கள்.

கவனிக்க வேண்டியவை: அயோடின் கரைசலை நேரடியாக அடுப்பில் கொதிக்க வைக்க வேண்டாம். அயோடின் ஆவியாகிவிடும், நீலமும் முழுதாகத் திரும்பாது. வெந்நீரை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். துணியில் பட்டால் கறை. செலவு என்று பார்த்தால் ஒரு சிறு அயோடின் புட்டியும் இரண்டு எலுமிச்சையும்தான். கஞ்சிக்குச் சத்துணவுக் கூடத்து அக்காவிடம் சொல்லி வைத்தால் போதும்.

யாருக்கான பாடம்?

கடைசியாக ஒன்று. கோட்டூர்புரத்துக் குடியிருப்புகளிலிருந்து நம் பள்ளிகளுக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சாலையை ஒட்டியுள்ள பெரிய வளாகங்களுக்குள் தினமும் வேலைக்குப் போய் வருகிற பெற்றோர் நம்மிடம் நிறைய உண்டு. சமையல், துப்புரவு, தோட்டம், காவல். "உள்ள என்னம்மா பண்றாங்க?" என்று பிள்ளை கேட்டால், "பெரிய படிப்புடா" என்று பதில் வருகிறது. அந்த இரண்டு சொல் போதும், பிள்ளை தானே ஒரு சுவரைக் கட்டிக்கொள்வதற்கு. பத்தாம் வகுப்பு முடித்துப் பிரிவு தேர்வு செய்யும் நாளில், "வேதியியல் கஷ்டம், மனப்பாடம் வராது, நமக்கெல்லாம் ஒத்துவராது மிஸ்" என்று சொல்கிற பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். மதிப்பெண் இருந்தும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய கருவிகள் இருக்கின்றன. அவற்றை நம்மால் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் கருவிகள் விடை தேடுகிற கேள்வி நம் டம்ளரில் இருக்கிறது. "அயோடின் எங்க போயிருந்துச்சு?" என்று கேட்ட பெண்ணிடம், "உன் கேள்வியைத்தான் இங்கே நடக்கிற தூரத்தில் தங்கத்தையும் வெள்ளியையும் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தாள். "அம்மா கூட்டற கட்டிடத்துல கெமிஸ்ட்ரினு போர்டு இருக்காம் மிஸ்" என்றாள். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பதினொன்றில் எதை எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. அறிவியல்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தால், அது அவளுடைய விருப்பமாக இருக்கட்டும். "அது நமக்கானது இல்லை" என்ற எண்ணத்தால் அந்த முடிவு வரக் கூடாது. அதற்காகத்தான் ஒரு பாடவேளையைச் செலவிடச் சொல்கிறேன்.

பாடத்திட்டம் முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது, பதிவேடுகள் இருக்கின்றன. எனக்கும் அதே நெருக்கடிதான். மாவுச்சத்துச் சோதனை எப்படியும் நாம் செய்தாக வேண்டியது. அன்றைக்குக் கூடுதலாக இருபது நிமிடம் கொடுங்கள். வெந்நீர் ஒன்று, எலுமிச்சை ஒன்று, கேள்வி இரண்டு. பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். எல்லாப் பள்ளிகளின் கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்து வாசிப்போம். நம்மால் விடை சொல்ல முடியாத கேள்விகளைத் தொகுத்து, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆய்வாளர்களுக்குக் கடிதமாக அனுப்புவோம்.